உள்ளே கால் இருக்கு

புது ஷூவின் நுனியில் மெத்தென்று கொஞ்சம் பஞ்சு வைக்கலாம் என்று அம்மாக்காரி கையை உள்ளே விட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது.

வெயிலில் கிடந்த சூடு இல்லை. இரவு முழுவதும் ஷூ, அலமாரியின் மேல்தட்டில், மூடின அட்டைப்பெட்டிக்குள்தான் இருந்தது. யாரோ இப்போதுதான் காலை உருவிக்கொண்டு எழுந்து போன மாதிரி ஒரு சூடு. லேசான ஈரம் வேறு. விரலை முகர்ந்து பார்த்தாள். தோல் வாசனை, பசை வாசனை, அதற்கும் அடியில், ஓடி விளையாடின குழந்தையின் பாதத்தில் சாயங்காலம் அடிக்குமே, அந்தப் புளித்த வாசனை. 'தோல்னா அப்படித்தான், ஒரு நாளைக்கு ஒரு குணம் காட்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினோரு வருஷமாகத் தோலோடும் மாவோடும் மாரடிக்கிறவள். அவளுக்குத் தெரியாத தோலா?

சுண்டெலி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பாதங்களையும் பாவாடைக்குள் இழுத்து மறைத்திருந்தது. மகள்தான், இரண்டரை வயசு. அப்பா வைத்த பெயர் சுண்டெலி. அகப்பட்ட இடுக்கில் எல்லாம் புகுந்துகொள்ளும்.

"வேணாம்."

"ஏன்டி செல்லம் வேணாம்? பாரு, செவப்பு. உனக்குப் புடிச்ச செவப்பு."

"உள்ள காலு இருக்கு."

"உன் காலுதான்டி உள்ள போகப்போகுது."

"இல்ல. வேற காலு."

இரண்டரை வயசுப் பிள்ளைக்குப் புது ஷூ போடுவதும் பூனையைக் குளிப்பாட்டுவதும் ஒன்றுதான். எந்த வீட்டில் நடக்காத கூத்து? 'சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மற்ற வீடுகளில் விட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் விட முடியாது.

சுண்டெலி பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் போட்டுத் திருப்பிப் பார்த்தார்கள், போதவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் கத்தி வைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்த குழந்தை ஒரு மணி நேரத்தில் கண் விழித்திருக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் விழிக்கவில்லை. அந்த ஒன்பது மணி நேரமும் ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றபடி, என் உயிரை எடுத்துக்கொள், என் கண்ணை எடுத்துக்கொள் என்று யாரிடம் என்று தெரியாமலே அம்மாக்காரி பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இனிமே கத்தி வேண்டாம்னா ஷூதான் வழி" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மொத நாள் ஒரு மணி நேரம். தெனம் ஒரு மணி நேரம் கூட்டிக்கிட்டே போங்க. கடைசியில இருபத்து மூணு மணி நேரம் கால்லயே இருக்கணும். குளிக்க, காத்தாட ஒரு மணி நேரம் கழட்டலாம், அவ்வளவுதான். மூணு மாசம். நடுவுல விட்டீங்கன்னா பாதம் பழையபடி திரும்பிக்கும். அப்புறம் மறுபடியும் ஆபரேஷன்தான்."

மறுபடியும் மயக்க மருந்து. இன்னொரு ஒன்பது மணி நேரத்தைச் சுண்டெலி தாங்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே அழுதாலும் சரி, அரண்டாலும் சரி, ஷூ போட்டே ஆகவேண்டும்.

அந்த ஷூவைச் செய்தவளே அவள்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் அவளுக்கு மாவு அறையில் வேலை. மாவுக்கட்டு மாவில் நனைத்த துணியைக் குழந்தையின் பாதத்தில் சுற்றி, இறுகியதும் கீறிக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் மாவுக் கரைசலை ஊற்றி உலரவிட்டால், விரல் நகம் முதற்கொண்டு அப்படியே ஒரு வெள்ளைப் பாதம் வரும். அதற்குப் பெயர் அச்சு. அதன்மேல்தான் தோலை இழுத்து ஷூ தைப்பார்கள். அறை முழுக்க, தட்டுத் தட்டாக, உடம்பில்லாத குட்டிப் பாதங்கள் வரிசை கட்டி நிற்கும். குழந்தை வளர்ந்துவிட்டால் பழைய அச்சு மேசைக்கடிச் சாக்குக்குப் போகும். சனிக்கிழமை மேஸ்திரி எல்லாவற்றையும் சுத்தியலால் உடைப்பார். குழந்தை தவறிவிட்டால் மட்டும் சனிக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே உடைத்துவிட வேண்டும். ஏன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அச்சு எடுத்த கை, சொந்தப் பிள்ளைக்கு எடுக்க முடியாமல் தோற்றுப்போனது. வெள்ளை மாவைக் கண்டதும் சுண்டெலி மூச்சு வாங்காமல் அழுது நீலம் பாரித்துவிட்டது. மூன்று தரம் முயன்றாள், மூன்று தரமும் அதே கதை. டாக்டரம்மா கொடுத்த கெடு நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேசைக்கடிச் சாக்கின் வாயில் ஒரு ஜோடி அச்சு கிடந்ததைப் பார்த்தாள். நூல் வைத்து அளந்தாள். நீளம், குதிகால், மேல்வளைவு, எதிலும் இம்மி பிசகவில்லை. இடது பாதம் அதே மாதிரி மடங்கித் திருத்தின பாதம். வலது கால் சுண்டுவிரல் மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. அது ஒன்றும் தைப்புக்குக் குறுக்கே வராது.

வளர்ந்துபோன பிள்ளையுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்ன, அப்படி நினைப்பதென்று முடிவு செய்தாள். ஒருவர் அச்சில் இன்னொருவருக்குத் தைக்கக் கூடாது என்பது பட்டறையில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். நான்கு நாள் சாப்பாட்டு வேளையில் யாருக்கும் தெரியாமல் சிவப்புத் தோலில் தைத்து முடித்து, அச்சை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவசரத்துக்குப் பாவமில்லை என்பார்கள்.

மேசைக்கடியிலிருந்து சுண்டெலியை இழுத்து மடியில் போட்டு, முழங்காலால் இடுக்கிக்கொண்டு, இடது ஷூவை மாட்டினாள். குழந்தை வில்லாக வளைந்தது, தலையால் மோதியது, மோவாயில் கடித்தது. பாதி வரைக்கும் போன பாதம் அதற்குமேல் போகவில்லை. விரலை மடக்கிக்கொண்டிருக்கிறாளோ என்று தடவிப் பார்த்தாள். இல்லை, நீட்டித்தான் இருந்தது. அளவு சரியானதுதான், ஆனாலும் உள்ளே இடமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். நெரிசலான பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு உள்ளே நிற்பவர்கள் முனகிக்கொண்டே ஒதுங்குவார்களே, அப்படி ஏதோ ஒதுங்கிக் கொடுத்தது. குதிகால் சடக்கென்று இறங்கியது.

"அம்..." என்று கத்திக்கொண்டிருந்த குழந்தை, பாதி வார்த்தையில் நிறுத்தியது.

வலது ஷூ வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கிவிட்டது. குழந்தை மடியைவிட்டு எழுந்து நின்றது. சாய்வில்லை, இழுப்பில்லை. நேராக நடந்து போய், வாசல் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டது. இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி.

"சுண்டெலி."

திரும்பவில்லை. ஒரு மணி நேரமும் அப்படியே நின்றது. வெளியே போக ஆசை போலிருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். நேரம் முடிந்து இடது ஷூவைக் கழற்றிய அந்த நொடியில், "...மா!" என்று வீறிட்டது குழந்தை. விட்ட இடத்திலிருந்து. பாதத்தைத் தொட்டால் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது.

வீட்டுக்காரர் ரொட்டி சுடும் பேக்கரியில் அடுப்பு வேலை. சாயங்காலம் போனால் விடிகாலை வருவார். பகலில் அவர் பார்த்துக்கொள்வார், அவள் பட்டறைக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்புவாள். மூன்றாம் நாள் மகளின் நடையைப் பார்த்துவிட்டு மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாரு, பரேடு போலீஸ் தோத்துப்போகணும். உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

"ஷூவோட இருக்கறப்ப அவ பேசவே மாட்டேங்கறாங்க."

"பேசாம இருந்தா நல்லதுதானே? அவ வாய்க்கு நாலு ஊர் காணாது."

பேசாமல் இல்லை, பேசியது. ஐந்தாம் நாள் சோறு ஊட்டும்போது "போதுங்க" என்றது. சுண்டெலி யாருக்கும் மரியாதை கொடுத்ததில்லை. அப்பாவையே "வாடா" என்றுதான் கூப்பிடும். இந்தக் குழந்தை ஒரு பருக்கை சிந்தாமல், இடது கையால் சாப்பிட்டது. துண்டை நான்காக மடித்து வைத்தது. சாப்பிட்டு முடித்ததும் போய்க் கதவில் கையை வைத்து நின்றுகொண்டது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். கழற்றிய உடனே சுண்டெலி திரும்பி வருவதில்லை. ஐந்தாம் நாள், ஷூவைக் கழற்றிப் பத்து எண்ணும்வரை குழந்தையின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகுதான் அழுகை வந்தது. ஏழாம் நாள் நாற்பது. ஒன்பதாம் நாள் இருநூறு எண்ணினாள், எண்ண எண்ண அவள் குரலே அவளுக்கு அன்னியமாகக் கேட்டது, மடியில் அந்தக் குழந்தை மரியாதையாக உட்கார்ந்து அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டும் சத்தமும் அந்த வாரத்தில்தான் தொடங்கியது. கதவின் வெளிப்புறம், தாழ்வாக, அவள் முழங்கால் உயரத்தில். டொக். டொக். விரல் முட்டியால் தட்டுவது இல்லை, உள்ளங்கையால் அடிப்பது. ஆனால் மிகச் சின்ன உள்ளங்கை. போய்த் திறந்தால் யாரும் இல்லை. படிக்கட்டு, மேல்மாடிக்காரரின் சைக்கிள், சுவரில் சாயங்கால வெளிச்சம்.

ஒன்பதாம் நாள் எண்ணி முடித்ததும் முகம் கலைந்து, உதடு பிதுங்கி, அழுகையோடு அவள் மகள் வந்தாள். அம்மாக்காரி அள்ளி அணைத்துக்கொண்டாள்.

"எங்கடி போயிட்ட என் கண்ணு?"

"வெளிய."

"வெளியன்னா?"

"கதவுக்கு வெளிய. நான் தட்டினேன். நீ தொறக்கல." விக்கியது. "அந்தப் பாப்பா புடிச்சிக்குது."

கதவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தக் குழந்தை வெளியே போகத்தான் நிற்கிறது என்று நினைத்திருந்தாளே! கதவில் கையைப் பதித்து, முழு உடம்பையும் சாய்த்து. உள்ளே யாரும் வந்துவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு அல்லவா நின்றிருக்கிறது.

ஷூவைத் தூக்கி அலமாரிக்கு மேலே எறிந்தாள். என்ன ஆனாலும் சரி. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். சுண்டெலி பழையபடி பாத்திரத்தை உருட்டியது, சுவரில் கிறுக்கியது, அப்பாவை "வாடா" என்றது. ஆனால் நான்காம் நாள் காலையில் எழுந்து நிற்கும்போது இடது பாதம் உள்பக்கமாகச் சாய்ந்தது. வலியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஷூவை நிறுத்திட்டீங்களா? நல்லா வந்துக்கிட்டிருந்த காலு. இன்னும் ஒரு வாரம் இப்படி விட்டா, நான் தேதி குறிச்சிடுவேன். அப்புறம் என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர், "நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டார். சாக்கிலிருந்து எடுத்த அச்சைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவரே ஷூவை எடுத்துப் போட்டுவிட்டார். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் பதினான்கு மணி நேரம்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சுண்டெலியின் சொந்தக் காலில் அச்சு எடுத்து, சொந்த அச்சில் புது ஷூ தைத்துவிட்டால்? அதில் வேறு யார் கால் இருக்க முடியும்? சுண்டெலி மாவைத் தொடவிடாது, உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தை விடும். ஷூவைக் கழற்றினதற்கும் சுண்டெலி வந்து சேர்வதற்கும் நடுவே அன்றைக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது. மாவு இறுகப் பதினைந்து நிமிஷம் போதும்.

மறுநாள் மாலை, அவர் வேலைக்குப் போனதும், மாவையும் துணிச்சுருளையும் விரித்தாள். ஷூவைக் கழற்றினாள். குழந்தை கேட்காமலே காலை நீட்டியது. பழக்கப்பட்ட கால். விரலை விரித்து, கணுக்காலைத் தளர்த்தி, இப்படித்தானே என்பது போல அவளைப் பார்த்தது. சுற்றத் தொடங்கினாள்.

டொக். டொக்.

மாவு சூடேறிக்கொண்டிருந்தது, இந்த நேரத்தில் கையை எடுத்தால் எல்லாம் வீண்.

டொக் டொக் டொக்.

"இரும்மா... இருடா தங்கம்... இதோ, அம்மா இதோ வந்துட்டேன்..." கதவைப் பார்த்துச் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் மாவில் விழுந்தது. தட்டல் நிற்கவில்லை. இரண்டு கையாலும் அடிக்கும் சத்தம், பிறகு நெற்றியால் முட்டும் சத்தம். பெற்ற வயிறு என்ன பாடுபடும்? பதினைந்து நிமிஷமும் அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த குழந்தை மட்டும் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தது. பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தது.

மறுநாள் பட்டறையில் கூட்டுக்குள் மாவு ஊற்றி, காய்ந்ததும் உரித்தாள். இடது பாதம் நன்றாக வந்திருந்தது. வலது பாதத்தின் கூட்டை உரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. சுண்டெலிக்கு அப்படி விரல் கிடையாது. மூட்டைக்குப் பின்னாலிருந்து பழைய அச்சை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரே கால்.

பழைய அச்சைக் கையில் தூக்கிக்கொண்டு மேஸ்திரியிடம் போனாள். இருபத்தைந்து வருஷமாகச் சுத்தியல் பிடிக்கிற மனுஷன். அச்சைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எப்படிம்மா உன்கிட்ட?"

"யாரோடதுண்ணே?"

"போன மாசத்து மழையில காய்ச்சல் வந்து போயிடுச்சே ஒரு பொண்ணு, அதோடது. இங்க வந்தா வாயத் தொறக்காது, கால நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும். அச்ச ஒடைக்காதீங்கன்னு அதோட அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. அது முன்னாடி ஒடைக்க எனக்குக் கை வரல. சாக்குல போட்டேன். மறுநாள் தேடினா காணோம். யாரோ ஒடைச்சிட்டாங்கன்னு நெனச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா காலத்துலேர்ந்து சொல்றதும்மா. ஒடம்பு இல்லாத பிள்ளைக்கு நிக்கறதுக்கு இந்த அச்சு ஒண்ணுதான் எடம். ஒடைச்சிட்டா நிக்க எடம் இல்லாம போய்ச் சேந்துடும். ஒடைக்கலன்னா நின்னுக்கிட்டேதான் இருக்கும். குடு, நான் ஒடைக்கிறேன்."

"வேணாம்ணே. நானே ஒடைக்கிறேன்."

சுத்தியலை வாங்கிக்கொண்டு மாவு அறைக்கு ஓடினாள். பழைய ஜோடியைத் தரையில் வைத்து ஓங்கிப் போட்டாள். ஒரே அடி. இரண்டாவது அடி. வெள்ளைப் பொடி. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. மேசைமேல் புது ஜோடி இருந்தது. அதே ஏறின சுண்டுவிரல். அதுவும் அந்தச் செத்துப்போன பிள்ளையுடையதுதானே, எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்? அதையும் இறக்கி வைத்தாள். அடித்தாள். வலது பாதம் நொறுங்கியது. இடது பாதம் மூன்று துண்டாகப் பிளந்தது.

ஒரு துண்டு அவள் காலடியில் வந்து நின்றது. கணுக்காலின் உள்பக்கம். அதில் கோடு போல ஒரு தழும்பு. தழும்பின் இருபுறமும் தையல் புள்ளிகள். ஏழு ஜோடி. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றைக்கு அவளே எண்ணிய ஏழு தையல்கள்.

இது சுண்டெலியின் கால்.

அந்தக் குழந்தைக்கு இப்போது உடம்பு இருக்கிறது. அச்சு அதற்கு வேண்டியதில்லை. உடம்பில்லாமல் வெளியே நிற்பது யார்? யாருக்கு நிற்க இடம் வேண்டும்? துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தாள். சேர்த்து அழுத்திப் பார்த்தாள். ஈரமாவு குழைத்து ஒட்டிப் பார்த்தாள். விரல்கள் பொடியாகிவிட்டிருந்தன. ஒட்டவில்லை.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று தெரியாது. மணி நாலுகூட ஆகவில்லை. நல்ல வெயில். படிக்கட்டில் யாரும் இல்லை, சைக்கிள் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இடித்தாள்.

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே திறந்தார். "நல்ல நேரத்துல வந்த. அங்க பாரு!"

கூடத்தின் நடுவே குழந்தை நடந்துகொண்டிருந்தது. வெறுங்காலோடு. குளிப்பாட்டிக் கவுன் போட்டு, தலை வாரி விட்டிருந்தார். நேரான பாதம். நேரான நடை. வலது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது.

"எப்பக் கழட்டினீங்க?"

"ஒரு மணிக்கு. வெறுங்கால்ல எப்படி நடக்குறா பாரு! மூணு மணி நேரமா ஒரு இழுப்பு இல்ல, ஒரு அழுகை இல்ல. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லப்போறேன்."

மூன்று மணி நேரம். அவள் குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டு எண்ணினாள். நூறு. இருநூறு. சுண்டெலி, வாடி. முந்நூறு. வந்துடுடி. குழந்தை பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு தன் கவுன் நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டது.

"அழாதீங்க" என்றது.

டொக்.

மிக மெல்ல. களைத்துப்போன கை.

அவள் எழுந்து ஓடிக் கதவை அகலத் திறந்தாள். யாரும் இல்லை. வெயில் இருந்தது. படியில் ஒரு சத்தம். ஈரமான சின்னப் பாதம் சிமெண்டில் பதியும் சத்தம். ஒன்று பதிந்தது. இன்னொன்று இழுபட்டது. பதிந்தது. இழுபட்டது. வாசற்படியைத் தாண்டியது. உள்ளே வந்தது. நிற்க முடியாமல் இங்கும் அங்கும் தடுமாறியது, சுடுதரையில் கால் வைக்க இடம் தேடுகிறவர்கள் மாதிரி.

பிறகு அவள் வலது பாதத்தின்மேல் ஒரு குளிர் ஏறியது. அடுத்து இடது பாதத்தின்மேல். அதில் ஓரம் மட்டும்தான் அழுந்தியது. உள்பக்கமாக மடங்கின பாதம். இரண்டரை வயசுக் குழந்தையின் எடை. முழங்கால்களைச் சுற்றி இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. குனிந்து பார்த்தாள். தன் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. மேலே காற்று.

தடவினாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. எடை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் அங்கேயே நிக்கற? உள்ள வா" என்று உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். போனில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. "டாக்டரம்மா, ஒரு நல்ல சேதி..."

குழந்தை நடந்து வந்தது. கதவைச் சாத்தியது. கையெட்டும் உயரத்தில் இருந்த கீழ்த்தாழைப் போட்டது. பிறகு அம்மாக்காரியின் முன்னால் வந்து நின்றது, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒன்றும் இல்லாத இடத்தை, ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைப் பார்ப்பது போல நேருக்கு நேர் பார்த்தது.

"எறங்கு" என்றது.

முழங்காலைப் பிடித்திருந்த பிடி இறுகியது. அம்மாக்காரிக்கு ஓட வேண்டும், கத்த வேண்டும், அவரைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டாள். கால் அசைந்தால் பிள்ளை விழுந்துவிடுவாள்.

"எறங்கு" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, குழந்தை கையை நீட்டியது.